பொய் இழுப்பறை

கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருந்த அந்தக் கடைக்குள் நுழையும்போது தாட்சாயிணி சந்தோஷமாகத்தான் இருந்தாள். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரம் கழுவும் மிஷினை வாங்க ஸ்ரீகாந்த் ஒருவழியாகச் சம்மதித்திருந்தான். மாங்காட்டில் அவர்கள் வாங்கியிருந்த ஃபிளாட்டில் சமையலறை அலமாரி வேலை பாதி முடிந்திருந்தது. மிஷினுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று பார்க்க, அந்த வேலையை எடுத்திருந்த ஜஸ்டினும் அளவு டேப்போடு கூட வந்திருந்தான்.

அவளுக்கு அந்த மிஷின் ஆடம்பரம் இல்லை. சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு இரண்டு கையிலும் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. ரசம் சாதம் பிசைந்தால் புளி பட்டுக் கண்ணில் தண்ணீர் வரும், ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். சோப்பில் கை வைக்கவே கூடாது என்று பூந்தமல்லி தோல் டாக்டர் சொல்லிவிட்டார். கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாள் மகள் பிரசவத்துக்கென்று போனவள் திரும்பவேயில்லை. "விடு, நான் தேய்க்கறேன்" என்று ஸ்ரீகாந்த் ஒரு வாரம் தேய்த்தான். பிறகு ஆபீஸ் வேலை, தலைவலி, மறதி. அம்பத்தூரிலிருந்து வேலை முடிந்து அவள் வீடு திரும்பினால் சிங்க் நிறையப் பாத்திரம் காய்ந்து கிடக்கும்.

மிஷின் என்று வாயைத் திறந்தால் அவனிடம் ஒரே பதில்தான். "அக்கா என்ன நினைப்பாங்க தாட்சு? அவங்களுக்கு இதெல்லாம் புடிக்காது."

அக்கா என்றால் சொர்ணம். அரக்கோணத்தில் இருந்தாள். தாய் போனபிறகு அவனை வளர்த்துப் படிக்கவைத்தவள். அவளை மீறி அவன் எதுவும் செய்யமாட்டான் என்று தாட்சாயிணிக்குத் தெரியும். கை எரியும்போதெல்லாம் மனதுக்குள் சொர்ணத்தைத்தான் திட்டிக்கொள்வாள்.

போன மாதம் அவனாகவே வந்து, "அலமாரியோட அலமாரியா பதிச்சிடற மாதிரி மிஷின் இருக்காம், முன்னாடி நம்ம கதவையே போட்டுக்கலாமாம்" என்றான். தனக்காகத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

கடையில் ரூஹி என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். கைப்பிடியும் பொத்தானும் வெளியே தெரியாத ஒரு மிஷின், காட்சிக்கு வைத்திருந்த அலமாரியில் பதிந்திருந்தது. "இதுல பொத்தானெல்லாம் கதவோட மேல் விளிம்புல இருக்கும் மேடம். மூடிட்டா ஒண்ணும் தெரியாது. பக்கத்து அலமாரியோட ஒரே மட்டமா நிக்கும். போர் தண்ணின்னா இதுக்குன்னு ஒரு உப்பு போடணும், அவ்வளவுதான். கடாய், குக்கர் எல்லாம் போடலாம்."

"சத்தம் வருமா?" என்றான் ஸ்ரீகாந்த்.

"ரொம்பக் கம்மி சார். ஓடுதா இல்லையான்னே தெரியாது. அதனாலதான் ஓடும்போது தரையில சிவப்பு லைட் ஒரு புள்ளியா விழற மாதிரி வச்சிருக்காங்க."

"அந்தப் புள்ளியை அணைச்சு வைக்க முடியுமா?"

ரூஹி கொஞ்சம் யோசித்தாள். "முடியும் சார். ஆனா யாரும் கேட்டதில்ல."

தாட்சாயிணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜஸ்டின் உதவி செய்வதாக நினைத்து வாயைத் திறந்தான். "சார், நீங்க சொன்னீங்கல்ல, அதே மாறி பண்ணிடலாம். பலகைல குறுக்கால கோடு இழுத்து உட்டா டிராயர் மாறியே இருக்கும். மிஷின் கீதுன்னே எவனுக்கும் தெரியாது. உங்க அக்கா ஊட்டுக்கு வந்தாக்கூட கண்டுபுடிக்க மாட்டாங்க."

"ஜஸ்டின், அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றான் ஸ்ரீகாந்த் அவசரமாக.

"என்ன கோடு?" என்றாள் தாட்சாயிணி.

"இன்னா மேடம், சார் உங்ககிட்ட சொல்லலயா?" ஜஸ்டின் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பதித்து வைக்கும் மிஷின் எதற்கு என்று அவளுக்கு இப்போது விளங்கியது. இது அவள் கைக்காகத் தேடியது இல்லை. திருட்டுப் பொருளை மறைக்க இடம் தேடியிருக்கிறான்.

"உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு பொய்க்கு ஒரு டிராயர் செய்யச் சொன்னீங்களா?"

"மெதுவாப் பேசு. கடையில இருக்கோம். உனக்கு மிஷின் வேணும், வருது. அவங்க மனசும் நோகக் கூடாது. இதுல என்ன தப்பு?"

"அவங்க வர்ற அன்னைக்கு?"

"ரெண்டு நாள்தானே தாட்சு. அந்த ரெண்டு நாள் மட்டும் கையால..."

அவன் முடிப்பதற்குள் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். சொர்ணத்தின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். அவன் பிடுங்க வந்தான். அவள் இரண்டடி தள்ளிப் போய்விட்டாள். இன்றைக்கு அந்த அக்காவிடமே நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"யாரு, தாட்சாயிணியா? சொல்லும்மா."

"அண்ணி, நான் பாத்திரம் கழுவற மிஷின் வாங்கப் போறேன். உங்களுக்குப் புடிக்கலன்னாலும் வாங்கத்தான் போறேன். சொல்லிட்டு வாங்கணும்னு கூப்பிட்டேன்."

சொர்ணம் எரிச்சலோடு பேசினாள். "எனக்கு ஏன் புடிக்காம போவணும்? பொங்கலுக்கு வந்தப்ப உன் கையைப் பார்த்துட்டு, ஒரு மிஷின் வாங்கிக் குடுடான்னு அவன்கிட்ட நான்தானே சொன்னேன். நீதான் வேணான்னுட்டேன்னு சொன்னான். திமிர் புடிச்ச பொண்ணு, எப்படியோ போவட்டும்னு விட்டுட்டேன்."

தாட்சாயிணி ஸ்ரீகாந்த் பக்கம் திரும்பினாள்.

"அவன் பக்கத்துல இருக்கானா?" என்றாள் சொர்ணம்.

"இருக்கார்."

"டேய், என் பேரைச் சொல்லி என்னடா நாடகம் ஆடறே? வர்றேன் இரு. இன்னொண்ணு தாட்சாயிணி, அதுல கழுவின தட்டுல எனக்குச் சோறு இறங்காது. என் தட்டை நானே கழுவிக்குவேன். அது வேற விஷயம், தப்பா நினைக்காதே." போன் வைக்கப்பட்டது.

ரூஹி நாகரிகமாக வேறு பக்கம் போய்விட்டாள்.

இத்தனை நாள் சொர்ணத்தின் மேல் கொட்டியிருந்த ஆத்திரம் அத்தனையும் இடம் மாறி வந்து அவன் மேல் நின்றது. "அவங்க இல்லன்னா வேற யாருக்காக?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். "ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, சித்தப்பா வருவார். ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு மிஷினான்னு கேப்பாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"என்ன மாதிரி?"

"பொண்டாட்டி பாத்திரம்கூடத் தேய்க்கறதில்லன்னு..." அதோடு நிறுத்திக்கொண்டான். நிறுத்தியும் பயனில்லை.

"என் கை புண்ணாப் போறது உனக்கு ஒரு மாதிரி இல்ல. அடுத்தவன் கேட்டாத்தான் ஒரு மாதிரி இருக்கு. அதைச் சொல்லத் தைரியம் இல்லாம அக்காவைக் காட்டினே. அவங்ககிட்ட என்னைக் காட்டினே." கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள், மாறியதைக் கவனிக்கவும் இல்லை. "எங்க ரெண்டு பேரையும் முட்ட விட்டுட்டு நடுவுல நல்லவனா உக்காந்திருந்தியா?"

அவள் விடுவிடுவென்று கடையின் மறுகோடிக்குப் போனாள். அங்கே பளபளவென்று ஸ்டீல் முகத்தோடு சாதாரண மிஷின் ஒன்று தனியாக நின்றது. "இதுதான் வேணும். பதிக்க வேணாம். எல்லாரும் பார்க்கட்டும்."

ஜஸ்டின் தயங்கித் தயங்கி வந்து அளந்தான். "மேடம், கோச்சுக்காதீங்க. இது முன்னால துருத்திக்கினு நிக்கும். உங்க பால்கனிக் கதவு இதுல இடிச்சுகினு தொறக்காது. உங்க எடத்துக்கு அந்தப் பதிக்கிற மிஷின்தான் தோதா கீது."

ஸ்ரீகாந்த் மறைப்பதற்காகத் தேர்ந்தெடுத்ததே தன் சமையலறைக்குப் பொருந்துகிறது என்பது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. திரும்பி அந்தப் பதித்த மிஷினிடமே வந்தாள்.

"சரி ஜஸ்டின், அதையே வை. ஆனா பலகை நான் சொல்ற மாதிரி. கோடு கீடு கிடையாது. மத்த கதவெல்லாம் சாம்பல்தானே? இது மட்டும் நல்ல மஞ்சள். கைப்பிடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஸ்டீல்ல."

"மஞ்சளா? தாட்சு, அசிங்கமா இருக்கும்" என்றான் ஸ்ரீகாந்த்.

"இருக்கட்டும்" என்றாள். ரூஹியைக் கூப்பிட்டு, "அந்தச் சிவப்புப் புள்ளியை அணைக்க வேணாம்" என்றும் சொன்னாள்.

மஞ்சள் கதவோடு மிஷின் வந்து உட்கார்ந்தது. ஆடியில் மாங்காட்டு அம்மனைப் பார்க்க சொர்ணம் வந்தாள். வந்த முதல் வேலையாகத் தம்பியை உட்காரவைத்து, தாட்சாயிணி எதிரிலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். சொன்னபடியே தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். நண்பர்கள் வந்தபோது ஒருவன், "என்னடா இது, மஞ்சக் கதவு?" என்று கேட்டான். தாட்சாயிணி காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஸ்ரீகாந்தையே பார்த்தாள். "பாத்திரம் கழுவற மிஷின்" என்றான் அவன். நண்பன் "ஓ" என்றுவிட்டுக் கிரிக்கெட் பேசப் போய்விட்டான். இந்த ஒரு "ஓ"வுக்குப் பயந்தா என் தோலை உரித்தான் என்று அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

பாத்திரத்தை அடுக்குவதும் எடுத்து வைப்பதும் இப்போது அவன் வேலை. முகம் சுளிக்காமல் செய்கிறான். அவள் விரல்களும் மெல்ல மெல்ல ஆறிவிட்டன. ஒரு நாள் சாயங்காலம் ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீகாந்த் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கோபமா?" என்று கேட்டான்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.