முதுகு திறக்காத போன்

கடலூர் மாவட்டத்து மக்கள் அனைவருக்கும், குறிப்பாக இன்னும் பேசத் தொடங்காத சின்னஞ்சிறு குடிமக்களுக்கும், பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மழலை ஊட்டத் திட்டப் பணியாளர்களுக்கு வழங்கப்பட்டிருக்கும் புதிய கைப்பேசி, பழையதைவிடப் பதினான்கு கிராம் எடை குறைந்துவிட்டது. இருநூறாக இருந்தது நூற்றெண்பத்தாறு ஆகியிருக்கிறது. இந்த வெற்றிக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஷாமியானா போடப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. திட்ட ஒருங்கிணைப்பாளர் மணவாளன் ஐம்பது நிமிடம் பேசினார்.

எடை எப்படிக் குறைந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பின்மூடியை எடுத்துவிட்டார்கள். பேட்டரியைக் கழற்றும் வழியை அடைத்துவிட்டார்கள். மெமரி கார்டு செருகும் பொந்தையும் தூர்த்துவிட்டார்கள். ஒரு வீட்டின் கொல்லைக் கதவையும் பரணையும் பிடுங்கிவிட்டு, வீடு எவ்வளவு லேசாகிவிட்டது பாருங்கள் என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். கதவு இருந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது: ‘இம்முத்திரை சேதப்படின் துறை நடவடிக்கை எடுக்கப்படும்.’

சந்திரலேகா டீச்சர் சிதம்பரத்தில் ஓமக்குளத்துப் பக்கம் ஒரு மழலை மையத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இருபத்தேழு குழந்தைகள், ஒரு தராசு, ஒழுகும் கூரை, மேற்படி போன். மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளை எடை பார்த்து ஆப்பில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று மாதத்து எடை இறங்குமுகமாக இருந்தால் அந்தக் குழந்தையின் பெயர் சிவப்புப் பட்டியலுக்குப் போகும். பட்டியலில் பேர் வந்தால் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே வைத்திருந்து உடம்பு தேற்றுவார்கள். பட்டியல் இல்லாமல் எந்தக் குழந்தையையும் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது என்று திட்டத்தின் சுற்றறிக்கை ஒன்று உண்டு. டீச்சர் சுற்றறிக்கையை மீறாதவர். பதினெட்டு வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்வார்.

அந்த இருபத்தேழில் ஒருத்தி சுவேதா. வயது இரண்டரை. அவளுடைய அம்மா அனுப்பிரியா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஜூலையில் சுவேதா எட்டு கிலோ அறுநூறு இருந்தாள். ஆகஸ்டில் எட்டு முந்நூறு. செப்டம்பரில் சரியாக எட்டு. மூன்று எடையும் போனுக்குள் இருந்தன. மேலே ஏறவில்லை. ஏற்றப் போனால் ‘சேமிப்பிடம் போதவில்லை’ என்றது ஆப்.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது யார்? மணவாளன். அவர் ஆற்றிய பதினோரு உரைகளும் வீடியோவாகத் தாமே இறங்கி எல்லாப் பணியாளர்களின் போனிலும் குடியேறியிருந்தன. அழிக்க முடியாது. ‘நிரந்தரக் கோப்பு’ என்று போட்டிருந்தது. டீச்சர் ஆண்டு விழாப் படங்களை அழித்தார், குழந்தைகள் சாப்பிடும் படங்களை அழித்தார், மிச்சம் அழிக்க இருந்தது தன் பெயர் மட்டும்தான். பழைய போனாக இருந்திருந்தால் நகத்தளவு கார்டு ஒன்றைச் செருகிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார்.

நோட்டில் எழுதி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதித்தான் வைத்திருந்தார். போன மாதக் கடைசியில் ‘காகிதமில்லா மையம்’ விழா நடந்தது. பணியாளர்கள் வரிசையாக வந்து தங்கள் நோட்டுகளை மணவாளன் கையில் ஒப்படைத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நோட்டைக் கொடுத்தவர்களுக்கு லேமினேட் செய்த காகிதத்தில் சான்றிதழ் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை போன் உப்பியது. திரை ஒரு பக்கம் விலகி, உள்ளே இருந்து எதுவோ முட்டித் தள்ளுவது போல எழும்பி நின்றது. டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு தெற்கு வீதியில் செல்போன் ரிப்பேர் செய்யும் கலியமூர்த்தியிடம் போனார்.

“யக்கா, இதையா இடுப்புல சொருவிக்கினு வந்த?”

“ஏன்டா?”

“பேட்டரி ஊதிக்கிச்சி. பூரி மாதிரி நிக்குது பாரு. இன்னும் நாலு தடவ சார்ஜு போட்டிருந்தா தீவாளி.”

“அப்ப மாத்திக் குடு.”

“மாத்தலாம். பசை போட்டு ஒட்டியிருக்கான். சூடு காட்டி முதுவ பேக்கணும். முக்கா மணி நேர வேல. பழைய போனுன்னா நீயே நகத்தால தொறந்து மாத்தியிருப்ப, என் மூஞ்சிய கூட பாக்க வேணாம். இவனுங்களாலதான் எனக்கு வேல ஜாஸ்தி. ஆனாலும் சொல்றன், இத இப்பிடி செஞ்சவன் நல்லாருக்க மாட்டான்.”

“உள்ள இருக்கற எடையெல்லாம் இருக்குமா?”

“பேட்டரிய மட்டும் மாத்துனா அப்டியே இருக்கும்.”

“ஸ்டிக்கரு கிழியாம மாத்துவியா?”

கலியமூர்த்தி சிரித்தான். “அது கிழியறதுக்குன்னே ஒட்டியிருக்கான்க்கா.”

டீச்சர் யோசித்தார். பதினெட்டு வருடம் குறுக்கே வந்து நின்றது. “வேணாம். வெள்ளிக்கெழம மஞ்சக்குப்பத்துல மீட்டிங்கு. போனு கம்பெனி ஆளே வரானாம். அங்கியே கேக்கறன். அன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள ஏறுனாதான் புள்ள பேரு பட்டியல்ல வரும்.”

“கேளு. குடுக்க மாட்டானுங்க.” போனை அணைத்து, ஒரு தூக்குவாளியில் ஆற்று மணலைக் கொட்டி அதற்குள் புதைத்துக் கொடுத்தான். “அமுக்காத, ஆட்டாத. நானும் அன்னிக்கி பார்ட்ஸ் வாங்க கடலூரு வரன். இதுக்குப் பேட்டரி எடுத்தாறன். செம்மண்டலத்துல எங்க மச்சான் பக்கிரி கடையில இருப்பன்.”

வெள்ளிக்கிழமை காலை, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் டீச்சர் மடியில் தூக்குவாளி, பக்கத்தில் அனுப்பிரியா மடியில் சுவேதா. அதிகாரி குழந்தையைக் கண்ணால் பார்த்தால் மனசு இளகும் என்று டீச்சர்தான் அனுப்பிரியாவைக் கூட்டி வந்திருந்தார். வழியெல்லாம் சுவேதா அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிஸ்கட்டைக் கையில் பிடித்திருந்தாள், கடிக்கவில்லை.

மஞ்சக்குப்பத்துப் பந்தலில் மணவாளன் தன் பன்னிரண்டாவது உரையை ஆற்றினார். “ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது! காகிதம் பொய் சொல்லும், தரவு பொய் சொல்லாது! தரவே தாய்ப்பால்!” என்றார். கம்பெனிப் பிரதிநிதி இளவரசு முதலில் கைதட்டினார். பெற்ற தாய்மார் இருநூறு பேர் உட்கார்ந்திருந்த சபையில் தாய்ப்பாலுக்கு இப்படியொரு விளக்கம் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் முழுசாக மேடையில் நின்றார் என்றால், அந்தச் சபை எவ்வளவு பழக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“யாருக்காவது சந்தேகம்?” என்று கேட்டுவிட்டு, வழக்கம் போல யாரும் எழ மாட்டார்கள் என்று மைக்கை அணைக்கப் போனார். டீச்சர் மேடைக்குப் போய் தூக்குவாளியை மேசைமேல் வைத்தார்.

“என்னம்மா இது, சாப்பாடா?”

“போனு சார்.”

மூடியைத் திறந்ததும் மணவாளன் எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இளவரசு எழுந்தே விட்டார். “மேடம், ப்ளீஸ், அத தூரமா வைங்க!”

“இத்தினி நாளு புள்ளைங்க நடுவுலதான் சார் இருந்துச்சி. நீங்க ரெண்டு நிமிஷம் உக்காருங்க. பேட்டரிய மாத்திக் குடுத்தீங்கன்னா நான் போயிடறன்.”

“பேட்டரி தனியா மாத்தறதில்ல மேடம். இத வாங்கிக்கிட்டு வேற போன் தருவோம்.”

“உள்ள இருக்கற எடை?”

“அது போயிடும்.”

“ஒரு கார்டுல எடுத்துக் குடுங்க.”

“கார்டு கிடையாது மேடம். இது சீல் பண்ண டிசைன். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான். மழையில நனைஞ்சாகூட ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது.”

டீச்சருக்குக் குரல் ஏறியது. “எங்க சென்டர்ல மழ பேஞ்சா புள்ளைங்க தலையில ஒழுவுது சார். மூணு வருஷமா எழுதிப் போடறன். போனுக்குள்ள மட்டும் ஒரு சொட்டு போவக் கூடாதா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பந்தலில் அன்று எழுந்த முதல் உண்மையான ஒலி அதுதான்.

மணவாளன் கனிவை முகத்தில் பூசிக்கொண்டார். “உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. நோட்டுல இருக்கறதப் பாத்து புது போன்ல ஏத்திடுங்க. முடிஞ்சிது.”

“நோட்ட உங்க கையிலதான சார் குடுத்தன். சிரிச்சிக்கினே வாங்கிக்கினீங்க. போட்டோகூட இருக்குது.”

“அது… மறுசுழற்சிக்குப் போயிருக்கும். சரி, ஒண்ணு பண்ணுங்க. இந்த மாசத்த முதல் மாசமா வச்சிக்குங்க. மூணு மாசம் கண்காணிப்போம்.”

கூட்டத்தின் ஓரத்தில் அனுப்பிரியா எழுந்து நின்றாள், இடுப்பில் சுவேதா. “மூணு மாசமா? சார், புள்ள இதோ இருக்குது. நீங்களே ஒரு வாட்டி தூக்கிப் பாருங்க. இல்லன்னா தராசு கொண்டாரச் சொல்லுங்க.”

“நேர்ல வந்து நின்னா அது தரவு ஆவாதும்மா. ஆப்ல இருக்கணும்.”

குழந்தை நேரில் வந்தால் செல்லாது. சரி. டீச்சர் மணலுக்குள் கையை விட்டு போனை எடுத்தார். முதுகிலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பாதி கையோடு வந்தது. அதை மணவாளனின் உரை இருந்த ஃபைல் அட்டையின்மேல் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தார்.

“முத்திர சேதமாயிடிச்சி சார். நடவடிக்க எடுத்துக்குங்க.”

“உங்களுக்கு மெமோ வரும்!”

“காயிதத்துலயா சார் வரும்?”

செம்மண்டலத்தில் பக்கிரியின் கடையில் கலியமூர்த்தி சொன்னபடியே காத்திருந்தான். டீச்சர் தூக்குவாளியை நீட்டினார். கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அவன் சூடு காட்ட ஆரம்பித்தான். முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. அவ்வளவு பசை. உப்பிய பேட்டரியை மணலுக்குத் திருப்பிவிட்டு, புதியதைப் பொருத்தி, போனை எழுப்பியபோது மணி நாலு பத்து. ஜூலை எட்டு அறுநூறு, ஆகஸ்டு எட்டு முந்நூறு, செப்டம்பர் எட்டு. எல்லாம் இருந்தன.

“ஏத்துடா, ஏத்து.”

‘சேமிப்பிடம் போதவில்லை.’

“இன்னாக்கா இது, ஃபுல்லா அந்தாளு பேச்சா இருக்குது?” என்றான் பக்கிரி. “தூக்கிப் போடு மாமா.”

“அழிக்க வுடலடா. பேட்டரிக்காக முதுவ ஒடச்சன். கார்டுக்கு எங்க போயி ஓட்ட போடறது?”

இருவரும் போனைத் துருவினார்கள். கால்குலேட்டரைக்கூட விடவில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகச் சுரண்டி, நாலு ஐம்பத்தொன்பதுக்கு ஆப் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. கலியமூர்த்தி விரலை ‘பதிவேற்று’ பக்கம் கொண்டு போனான். அதற்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையின் மேல்பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடியது.

‘ஒருங்கிணைப்பாளரின் இன்றைய உரை இறங்குகிறது.’

கலியமூர்த்தி அதைத் தள்ளினான், அமுக்கினான், நெட்டை அணைக்கப் பார்த்தான். நெட்டை அணைத்தால் எடை எப்படி ஏறும்? அவன் யோசித்த அந்த அரை நிமிடத்தில் பன்னிரண்டாவது உரை முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டு கிலோ குழந்தைக்கு இல்லாத இடம் அதற்கு இருந்தது. யாரும் தொடாமலே வீடியோ ஓடத் தொடங்கியது. “ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது!”

ஐந்து மணி அடித்தது. பட்டியல் மூடியது.

“டீச்சர்,” என்றாள் அனுப்பிரியா. “புள்ள அழுவக்கூட மாட்டேங்குது டீச்சர்.”

டீச்சர் அப்போதுதான் சுவேதாவை முழுசாகப் பார்த்தார். பிஸ்கட் இன்னமும் அதே கையில் இருந்தது. மூன்று மாதமாக இந்தக் குழந்தையைத் தூக்கித் தராசில் வைத்து, எண்ணை மட்டும் பத்திரமாகப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, பட்டியலுக்காகக் காத்திருந்த கை தன்னுடையது என்பதும் அப்போதுதான் உறைத்தது. சுற்றறிக்கையை எழுதியவன் மணவாளன். அதற்குக் கீழ்ப்படிந்தது யார்?

“வாடி,” என்றார். “ஆட்டோவ கூப்புடு.”

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் பேர் கேட்டார். வயது கேட்டார். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். டீச்சர் போனை நீட்டி, “பட்டியல்ல பேரு ஏறலம்மா, ஆனா எட எல்லாம் இதுல…” என்று ஆரம்பித்தார்.

“எந்தப் பட்டியலு? அத அப்டி பெஞ்சுல வைங்க.”

குழந்தையை வாங்கித் தராசில் வைத்தார். முள் ஆடி நின்றது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, மேசையில் கிடந்த நோட்டில் எழுதினார்.

ஏழு கிலோ எண்ணூறு கிராம்.