கழுவிய முள்ளங்கி

தொட்டித் தண்ணீர் மறுபடி கலங்கிவிட்டது. பட்டாசுக்குக் கை ஓயவில்லை. அந்தப் பெயரை வைத்தது அவள் புருஷன்தான். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் வீடு அதிரும். இன்றைக்கு சந்தோஷம். பிடுங்கிய முள்ளங்கியையும் கேரட்டையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, கட்டுக்கட்டாகக் கட்டி, ஈரத்துணி போட்டு மூடினாள்.

"போதும்டி, தோலே உரிஞ்சிடப் போகுது," என்றான் புருஷன்.

"முதல் தடவை நம்ம கையால விக்கப் போறோம். அழுக்கும் மண்ணுமா கொண்டுபோய் வைக்கச் சொல்றீங்களா? மானம் போயிடும்!"

டவுன் பூங்காவில் விவசாயிகள் சந்தை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளைந்த, மருந்தடிக்காத காய் மட்டும்தான் அங்கே விற்கலாம். ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. புதிதாக வரும் இரண்டு கடைகளில் எதற்குக் கூட்டம் சேர்கிறதோ அதற்குத்தான் அந்த இடம். கிடைக்காவிட்டால் பழையபடி மொத்தக் கடைதான். சாணமும் இலைக்குப்பையும் போட்டு இவர்கள் வளர்த்த காயும் மருந்தில் குளித்த காயும் அங்கே ஒரே குவியலில் விழும், ஒரே விலைக்குப் போகும். அதில் கட்டுப்படியாகாது, நிலத்தை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று புருஷன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சந்தையில் மேஜை போட்டு அடுக்கியதும் அவளுக்கே கண் கொள்ளவில்லை. முள்ளங்கி பளீரென்று இருந்தது.

பக்கத்து மேஜைதான் இன்னொரு புதுக்கடை. அந்தக் கடைக்காரர் தலையில் ஓலைத்தொப்பி, காலில் புத்தம்புதிய பூட்ஸ். வண்டிக்குப் பின்னால் நின்று, குளிர்க்கிடங்கின் பேர் அச்சடித்த அட்டைப்பெட்டியிலிருந்து முள்ளங்கியை எடுத்து வாளியில் முக்கிக்கொண்டிருந்தார். வாளி முழுக்கச் சேறு.

அடப் பாவமே, கழுவ நல்ல தண்ணி கிடைக்கலை போல, என்று நினைத்தாள். "அண்ணே, எங்க குடத்துல சுத்தமான தண்ணி இருக்கு, எடுத்துக்கங்க!"

தொப்பிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வேணாம்மா. இதுவே போதும்."

பூங்காக் கதவு திறந்ததுதான் தாமதம், கூட்டம் திபுதிபுவென்று உள்ளே வந்தது. பட்டாசு ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினாள். "வாங்க வாங்க! இன்னிக்குப் பறிச்சது! கடிச்சுப் பாருங்க!"

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நின்று, ஒரு கேரட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு பளபளப்பா? கடையில வாங்கிட்டு வந்து விக்கிறீங்களா?"

"ஐயோ, எங்க தோட்டத்துதுங்க!"

"தோட்டத்துதுன்னா மண்ணு இருக்குமே?"

"சாப்பிடற பொருளை மண்ணோட எப்படிங்க குடுக்கறது?"

அம்மாள் கேரட்டை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போனாள். பின்னால் வந்தவர்களும் அங்கேதான் போனார்கள். சேறு சொட்டச் சொட்ட அள்ளினார்கள். பட்டாசு தொண்டை வறளக் கூவினாள். முள்ளங்கி இலை மெல்லத் தொங்க ஆரம்பித்தது.

"நாமளும் கொஞ்சம் மண்ணைப் பூசினா என்னடி?" என்றான் புருஷன் காதோரமாக.

"கழுவினதுல மண்ணையா? உங்களுக்குப் பைத்தியமா?"

சந்தை நடத்துகிற பெண் வந்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், நிரந்தர இடத்துக்கான பச்சைப் பலகையைத் தொப்பிக்காரர் மேஜையில் மாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் தொப்பிக்காரர் இவர்கள் பக்கம் சாய்ந்தார். "என் சரக்கு தீர்ந்துடுச்சு. ஆளுங்க இன்னும் நிக்கறாங்க. உங்களுது மொத்தத்தையும் குடுத்துடுங்க. மொத்தக் கடை விலை."

பட்டாசு வாயைத் திறந்தாள். அதற்குள் புருஷன் கூடையை எடுத்து நீட்டிவிட்டான். சாயங்காலத்துக்குள் எல்லாம் வாடிவிடும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் மேஜைத்துணியை மடித்துக்கொண்டிருந்தபோது மூக்குக்கண்ணாடி அம்மாள் திரும்பி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. கையில் ஒரு முள்ளங்கிக் கட்டு. அது பட்டாசு கட்டிய கட்டு, அவள் போட்ட முடிச்சு, சேறு வழிந்துகொண்டிருந்தது.

"மோந்து பாரும்மா," என்று பட்டாசின் மூக்கருகே நீட்டினாள். "சொந்தத் தோட்டத்துதுன்னா இப்படி இருக்கணும். அவர்கிட்ட கேட்டுக் கத்துக்கோ."