பதினோரு நொடிப் பொம்மை

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு டிவிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே காட்சியை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். இடது பக்கம் முப்பத்திரண்டு வருடப் பழைய வீடியோ கேசட். வலது பக்கம் டிஸ்க் கம்பெனி சரிபார்க்க அனுப்பியிருந்த புதிய பதிப்பு, துடைத்து வைத்த ஜன்னல் மாதிரி பளிச்சென்று. இரண்டிலும் மாடிமேல் அதே தண்ணீர்த் தொட்டி, அதன் விளிம்பில் அதே அடியாள். எதில் எது விடுபட்டிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைப் பார்க்க யாரோ வந்திருக்காங்க, டிரைவிங் ஸ்கூல் கார்ல" என்றாள் மனைவி. "இந்த வயசுல வண்டி கத்துக்கப் போறீங்களா என்ன?"

பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் எனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. இருபத்தாறு வருடமாக இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் என் பெயர் வந்ததில்லை. தப்பு விட்டால் மட்டும் என் பெயரைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் செய்தேன், ஒரே ஒரு படத்துக்கு. தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படம் அது. கேசட்டாக வந்தபின் கைக்குக் கை மாறி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பைத்தியக்காரக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் எனக்குக் கத்தரி என்று பெயர். யார் எங்கே வெட்டினார்கள் என்று கேட்டால் கத்தரியைக் கேள் என்பார்கள். அதில் எனக்கு உள்ளூரக் கொள்ளை மகிழ்ச்சி.

வரப்போகும் டிஸ்க்கையும் சேர்த்தால் அந்தப் படத்துக்கு ஆறு பதிப்புகள். முதல் கேசட், பாட்டுகளைக் கத்தரித்த இரண்டாம் கேசட், சண்டைகளைக் கத்தரித்த டிவிப் பதிப்பு, கதாநாயகி பாதி வசனம் பேசும்போது முதல் தட்டு முடிந்துபோகிற இரண்டு தட்டு விசிடி, முகமெல்லாம் பச்சையடித்த டிவிடி, இப்போது இந்தப் புதிய டிஸ்க். முதல் கேசட் தனி ரகம். அதைப் போட்ட புண்ணியவான்கள் அவசரத்தில் இறுதி வெட்டுக்கு முந்தைய பிரதியைப் பதிந்துவிட்டார்கள். தியேட்டரில் படத்தை அகலமாகக் காட்ட மேலும் கீழும் கொஞ்சம் மறைப்பார்கள், அதையும் அவர்கள் செய்யவில்லை. அதனால் அதில் மட்டும் மேலும் கீழும் ஒரு சாண் படம் அதிகம். மேலே மைக் தலை நீட்டும், கீழே ஒயர் கிடக்கும். அப்படி நாற்பத்து மூன்று பிழைகளை எண் போட்டு என் வலைப்பக்கத்தில் பட்டியலிட்டிருந்தேன்.

பட்டியலைவிடப் பெரிய பெயர் வாங்கித் தந்தது பொம்மைதான். வில்லனின் அடியாள் தொட்டியிலிருந்து விழும் காட்சி, புதிய டிஸ்க்குக்கு முன் வந்த மற்ற எல்லாப் பதிப்பிலும் நான்கு நொடி. அவன் விளிம்பை விட்டுக் கிளம்பியதுமே வெட்டிவிடுவார்கள். முதல் கேசட்டில் பதினோரு நொடி. விழுகிறான், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் மோதுகிறான், தரையில் கிடக்கிறான். இடது கை முழங்கையிலிருந்து எதிர்ப்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. மனிதக் கை அப்படி மடங்காது, ஆகவே இது துணிப்பொம்மை, பல்லிளித்ததால் பின்னால் வெட்டிவிட்டார்கள் என்று பதினைந்து வருடத்துக்கு முன் எழுதினேன். அன்று என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கை ஒடிஞ்ச மாதிரி இருக்கேங்க" என்றாள். நான் சிரித்துவிட்டு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதன்பிறகு ரசிகர்கள் கூடிப் படம் போடும் இடங்களிலெல்லாம் அந்தக் காட்சி வந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து "பொம்மை!" என்று கத்தும். புதிய டிஸ்க்கின் அட்டையிலேயே "புகழ்பெற்ற பொம்மைக் காட்சி முதன்முறையாக முழுமையாக" என்று போடப் போகிறார்கள். கூடவே வரும் சிறு புத்தகத்தில் கட்டுரையும் பட்டியலும் படங்களும் என்னுடையவை. அச்சில், என் பெயரில்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொம்மைன்னு எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன். ரசிகை என்றே நினைத்துவிட்டேன்.

"அது எங்கப்பா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கார் ஓட்டச் சொல்லித்தருபவள். நேற்று அவளிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே போனில் ஒரு துண்டுப் படத்தைக் காட்டியிருக்கிறாள். விழுவதும் எழுவதும் விழுவதுமாகத் திருப்பித் திருப்பி ஓடுகிறது, பின்னால் ஒரு கேலிப் பாட்டு, அடியில் என் வலைப்பக்கத்தின் பெயர். அதிலிருந்த முகவரியைப் பிடித்து வந்திருக்கிறாள். "அந்தக் கை எனக்குத் தெரியாதா சார்? தினம் பார்க்கிற கை. அதைப் பார்த்து ஊரே சிரிக்குது. பொம்மை இல்ல, மனுஷன்னு எழுதுங்க. இல்லன்னா அந்த இடத்தையே வெட்டச் சொல்லுங்க."

இடது டிவியில் அந்தக் கை அப்போதும் மடங்கிக் கிடந்தது. எத்தனை நூறு முறை பார்த்திருப்பேன். மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று அவள் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"அப்பாகிட்ட மறைக்க முடியல, சொல்லிட்டேன்" என்றாள் அந்தப் பெண். "முழுசாப் பார்க்கணுங்கறார். அவர் விழுந்ததை அவர் பார்த்ததே இல்ல."

கேசட் டெக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் காரில் ஏறினேன். சொல்லித்தருபவர் உட்காரும் இருக்கை, அதனால் என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதில் பட்டுவிடாமல் கால்களை ஒடுக்கிக்கொண்டேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

அவள் அப்பா பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிலும் அகன்ற தோள். இடது முழங்கை மட்டும் வெளிப்பக்கம் திரும்பியபடியே உறைந்திருந்தது. "வாங்க சார், பொம்மையைப் பார்க்க வந்தீங்களா?" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நல்ல கையால் அதைத் தள்ளிவிட்டார்.

"தப்பு என்னோடது சார். கீழ வெள்ளைத் துணி ஆட்டுவாங்க, ஆட்டினாக் குதிக்கணும். நான் ஆட்டறதுக்குள்ள குதிச்சிட்டேன். அப்படித்தான் சொன்னாங்க. தலையில அடிபட்டதுல எனக்கு அந்த நாளே ஞாபகத்துல இல்ல. அதோட அவசரக்குடுக்கைன்னு பேராகிப் போச்சு, அப்புறம் ஒருத்தனும் கூப்பிடல."

"யார் சொன்னது?" என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"என் மச்சான். இவ அம்மாவோட தம்பி. கீழ அட்டைப்பெட்டி அடுக்கற வேலை அவனுக்கு. ஸ்டண்ட் ஆளுங்க நாங்க அது மேலதானே வந்து விழுவோம், அவன் அடுக்கினாத்தான் நான் குதிப்பேன். என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அவன்தான்."

"மாமா இல்லன்னா நாங்க இல்ல சார்" என்றாள் மகள். "கல்யாணமே பண்ணிக்காம எங்களோடவே இருந்துட்டார். எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே அவர்தான். இப்பவும் காலையில அப்பாவுக்குச் சட்டை போட்டுவிடறது அவர்தான், என்னைத் தொட விடமாட்டார். மாடியிலதான் இருக்கார்."

ஒயர்களைச் சொருகிக் கேசட்டை ஓடவிட்டேன். மகள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடங்கும் இடத்தில்கூட அவர் அசையவில்லை. யாரோ விழுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னொரு வாட்டி" என்றார். மூன்றாவது முறை, அவர் இன்னும் தொட்டி விளிம்பில் நிற்கும்போதே, "அங்க நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன். திரையின் அடியில், மற்றப் பதிப்புகளில் மறைந்துபோகும் அந்தச் சாண் அகலத்தில், இடது மூலையில் ஒரு கை. அந்தக் கையில் வெள்ளைத் துணி, வீசிய நிலையில்.

"துணி ஆடியிருக்கு" என்றார் மெதுவாக. "நான் இன்னும் நிக்கறேன். துணி ஆடியிருக்கு."

மகள் திரைக்கு ஓடி வந்தாள். "அப்பா, நீங்க முந்திக் குதிக்கல! முப்பத்திரண்டு வருஷமா..." என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. செய்த பாவத்துக்கு இதாவது ஈடாகட்டும் என்று மனம் துள்ளியது. புத்தகத்தில் இந்த ஃபிரேமையே முழுப் பக்கத்துக்குப் போடலாம், அடியில் அவர் பெயரைப் போடலாம் என்று அந்த நிமிடமே கட்டுரையைத் திருத்த ஆரம்பித்துவிட்டேன்.

"மாமாவைக் கூட்டிட்டு வரேன்" என்று அவள் மாடிக்கு ஓடினாள்.

அவள் அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்ப்பது துணியை அல்ல என்று எனக்குத் தெரிய சற்று நேரமாயிற்று. வலது மூலையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டி அடுக்கைக் கயிறு கட்டி அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தான். பெட்டிகள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தரை. இதையும் நான் பார்த்தவன்தான். முப்பத்தொன்றாவது பிழை: மஞ்சள் தொப்பி ஆசாமி பெட்டி இழுக்கிறார், கடைசி நொடியில் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறார், முகம் தெளிவாகத் தெரிகிறது. அந்த நொடியில் எல்லோர் கண்ணும் மடங்கிய கைமேல்தான் இருக்கும், கத்தரி ஒருத்தன்தான் கவனித்தான் என்று என்னைப் பாராட்டிப் பலர் எழுதியிருந்தார்கள்.

"பெட்டி படத்துல தெரியுதுன்னு கேமராக்காரர் கத்தியிருப்பாரு" என்றார். "இழுத்திருப்பான். இருபது வயசு சார் அவனுக்கு அப்ப."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"புது டிஸ்க்ல இது தெரியுமா?"

"தெரியாது. கீழ்ப்பக்கம் மறைஞ்சுடும், துணியும் சேர்ந்து மறைஞ்சுடும். புத்தகத்துல மட்டும் படமா வரும். முப்பத்தொண்ணுன்னு போட்டு."

"அதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா நீங்க முந்திக் குதிக்கலைங்கறதுக்கு வேற அத்தாட்சியே இல்ல. ரெண்டும் ஒரே ஃபிரேம்ல இருக்கு. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைக் காட்ட முடியாது."

"தெரியுது சார்." நல்ல கையால் முழங்கையைத் தடவிக்கொண்டார். "மனுஷன்னு எழுதினா யாரு என்னன்னு தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. உங்க ஆளுங்களை எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அவசரக்குடுக்கையா இருந்துட்டேன். பொம்மையா இருக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. பொம்மைன்னே இருக்கட்டும்."

"உங்க பொண்ணு ஒத்துக்குவாங்களா?"

அதற்கு அவர் பதில் சொல்லுமுன் மகள், மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மெலிந்த மனிதர், முன்தலை முழுக்க வழுக்கை. மறுகையில் தேய்த்து மடித்த சட்டை. "பாருங்க மாமா, துணி ஆடியிருக்கு பாருங்க" என்று அவள் திரைமுன் மண்டியிட்டு இடது மூலையில் விரலை வைத்துக் காட்டினாள். மாமா அவள் விரல் காட்டிய பக்கம் பார்க்கவில்லை. சட்டையோடு அப்படியே நின்றார்.

"சட்டையைப் போடுடா மச்சான், குளிருது" என்றார் கட்டிலில் இருந்தவர், மடங்கிய கையை முன்னால் நீட்டி.

மாமா வந்து குனிந்தார். முதலில் அந்தக் கையைச் சட்டைக்குள் வாங்கினார், முழங்கை இடிக்காமல், துணியைச் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றி. பிறகு அடியிலிருந்து பட்டன்களைப் போட ஆரம்பித்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் திரைமுன்னேயே இருந்தாள், விரலை எடுக்காமல், நடுங்கி நிற்கும் அந்தப் படத்தின் அடிப்பகுதியையே உற்றுப் பார்த்துக்கொண்டு.

பழைய டெக்குகள் ஒரு படத்தை ஐந்து நிமிடத்துக்குமேல் நிறுத்தி வைக்காது. நாடா தேய்ந்துவிடும் என்று தானாகவே ஓடத் தொடங்கிவிடும். ரிமோட் தொலைந்து பல வருடமாகிறது. டெக் அவளுக்கு முன்னால், டிவிக்கு அடியில் இருந்தது. எட்டி நிறுத்தலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

டக்கென்று சத்தம் கேட்டது. தொட்டி மேல் நின்றவர் கிளம்பினார். மாமாவின் விரல்கள் மூன்றாவது பட்டனில் இருந்தன. கை மடங்கிய நொடியிலும் அவள் கண் கீழேயே இருந்தது. திரையின் அடியில் மஞ்சள் தொப்பி கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கியது.