சாம்பல் படுக்கை

அடுப்பிலிருந்து அள்ளி வந்த சாம்பலைச் சல்லடையில் போட்டுத் தரையில் சலித்துக்கொண்டிருந்தாள் ரிக்கென்ஸா. நடுவே ஒரு கோழியெலும்பு அகப்பட்டது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பேராயர் ஒருவர் படுத்துச் சாகப்போகிற இடத்தில் கோழியெலும்பு கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

கட்டிலில் கிடந்தபடி அவள் தம்பி கெர்வின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சிலுவையா போடுற?"

"ஆமா. பாவத்துக்கு வருந்துறவன் சாம்பல்லதான் உயிரை விடணும். உனக்குத் தெரியாததா?"

"கோணலா இருக்கு."

"வாயை மூடுடா."

அவரை 'டா' போட்டுக் கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்.

முப்பது வருடத்துக்கு முன்னால் மன்னர் அவர் கையில் மோதிரத்தையும் கோலையும் கொடுத்துப் பேராயர் ஆக்கினார். தோளில் போட்டுக்கொள்ள வெள்ளைக் கம்பளிப் பட்டை ரோமிலிருந்து வந்தது. அது போப்பின் ஆசி. அப்புறம் மன்னருக்கும் போப்புக்கும் ஆகாமல் போயிற்று. மன்னர் சொன்னாரென்று, 'இவர் போப்பே அல்ல' என்று எழுதிய கடிதத்தில் கெர்வின் முத்திரை வைத்தார். அடுத்த குளிர்காலமே பனிமலை தாண்டிப் போய்ப் போப்பின் காலில் விழுந்து மன்னிப்பு வாங்கினார். திரும்பி வந்தால் ஊர் வாசலில் மன்னரின் படை நிற்கிறது. மறுபடியும் மன்னர் பக்கம். போப் கெர்வினைச் சபையை விட்டே விலக்கினார். பிறகு மன்னருக்கே போப்போடு சமாதானம் தேவைப்பட்டபோது, பேராயர் நாற்காலி இன்னொருவருக்குப் போனது. கடைசியில் மிஞ்சியது அக்காவின் பண்ணைவீடும் வாற்கோதுமைக் கஞ்சியும்தான்.

விலக்கோடு செத்தவருக்கு மணி அடிக்க மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. சுவருக்கு வெளியே, தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி மண்டிய மேட்டில்தான் புதைக்க வேண்டும். ரிக்கென்ஸாவின் மகன் தியெட்மார் ஏழு வருடமாக அங்கேதான் கிடக்கிறான். மாமனின் கொடிக்குக் கீழே சண்டை போட்டு, அதே விலக்கோடு செத்தவன். தம்பியையாவது சுவருக்கு உள்ளே, அம்மாவுக்குப் பக்கத்தில் கிடத்திவிட வேண்டும் என்றுதான் அவள் இந்தப் பாடு படுகிறாள்.

"மத்தியானம் விலக்கை எடுக்க வோல்ராட் வர்றாரு. வருந்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா."

"எத்தனை தடவைக்கா சொல்றது? அவர்கிட்ட ஒரு சத்தியம், இவர்கிட்ட ஒரு சத்தியம். நாக்கே தேஞ்சு போச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் உள்ளே போயிட்டா தியெட்மார் எங்க போவான்?"

ரிக்கென்ஸா சல்லடையைத் தட்டினாள். அதில் ஒன்றும் இல்லை.

"முதுகு எரியுது. கீழே இறக்கு, தரை சில்லுன்னு இருக்கும். ஆனா நான் சாம்பல் கேட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத."

பண்ணையாள் எக்பெர்ட் கால் பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாக இறக்கினார்கள். பெரிய கனமில்லை. "அப்பாடா" என்றார் கெர்வின். பீரில் துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை நனைக்கத் திரும்பினாள். அதற்குள் முடிந்துவிட்டது.

வோல்ராட் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தபோது கஞ்சி ஆறிப்போயிருந்தது. ஒரு காலத்தில் கெர்வினுக்கு எழுத்தராக இருந்தவர், இப்போது புதிய பேராயரிடம் இருக்கிறார். சாம்பலில் கிடந்த உடலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசியில மனசு மாறிட்டாரேம்மா!"

பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளிப் பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே ஏதோ ஒரு புனிதரின் விரலெலும்பு.

"இதுல கையை வெச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாம்பல்ல படுக்கணும்னு அவரே கேட்டாருன்னா போதும். செத்தவர் மேல இருக்குற விலக்கையும் எடுக்க எனக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. சாயங்காலமே மணி அடிக்கும். உங்க அம்மா பக்கத்துலயே இடம்."

"என் மகனுக்கு?"

வோல்ராட் தன் காலணியைப் பார்த்தார். "அவர் வருந்தினதா சொல்ல ஒரு ஆள் இல்லையேம்மா. வயல்ல தனியாத்தானே விழுந்து கிடந்தாரு."

தனியாகத்தான். ஏழு வருடமும் தனியாகத்தான். ரிக்கென்ஸா பெட்டியின் மேல் கையை வைத்தாள். 'கேட்டார்' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். காலையிலிருந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மேல் பாசமும் கோபமும் ஒன்றாக வந்தன. இந்த வீட்டில் எல்லோரும் கெர்வின் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனவர்கள்தான். ஒரு தடவை, இந்த ஒரு தடவையாவது, அவன் இன்னொருத்தன் இருக்கிற இடத்துக்குப் போகட்டும்.

"கேக்கலை."

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. நான் இன்னும் எழுதலை."

"முதுகு எரியுதுன்னான். சாம்பலைக் கொட்டினது நான். எழுதிக்கோங்க."

அவள் கையை எடுத்தபோது பெட்டி மூடியில் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்திருந்தன. வோல்ராட் அதைத் துடைக்கவில்லை. அப்படியே துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தன் பழைய எசமானின் கால்களைத் தொட்டுவிட்டுப் போனார்.

ரிக்கென்ஸாவுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அதற்கும் தெம்பில்லை.

சாயங்காலம் மணி அடிக்கவில்லை. எக்பெர்ட் மண்வெட்டியோடு சுவருக்கு வெளியே மேட்டில் நின்றான்.

"எவ்வளவு தள்ளி வெட்டட்டும்மா?"

அவள் காஞ்சொறிக்குள் பாவாடையோடு நடந்து போய், மகன் கிடக்கும் இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு கையை மண்ணில் ஊன்றி, மற்றக் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

"கை எட்டுற தூரத்துல."

எக்பெர்ட் அவள் விரல் நுனிக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் ஒரு கோடு கிழித்தான். அவள் கையை எடுக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான்.