அடிவானத்துக்கு மட்டம்

ஆரியங்கோட்டில் ஆர்யா டீச்சர் வீட்டில் பின்சுவர் பூசிக்கொண்டிருந்தேன். முன்னறையில் டீச்சர் மூன்று மேசை போட்டு, மேசைக்கு ஒரு மானிட்டராக வைத்து, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட ஏற்பாடு செய்திருந்தார். வாசலோரம் கிடந்த காலிப் பெட்டியில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"எதுக்கு டீச்சரே பழுது?"

"வாசல்பக்கத்து மானிட்டருக்காக்கும், மேஸ்திரி. மத்த ரெண்டுலயும் கடலு ஒரே கோடா நிக்குது. இதுல மட்டும் ஒரு விரலு தாந்து போவுது. திருப்பிக் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாளு. எடுக்க ஆளு வாறான்."

"மேசை சரியா இருக்கா?"

"மூணும் தரையில இருந்து ஒரே உயரம். டேப்பு வச்சு அளந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தரைதானே சரிவு! இது பழைய காரு ஷெட்டாக்கும். மழைத்தண்ணி வெளிய ஓட வாசல்பக்கம் மட்டும் நான்தான் சரிச்சுப் போட்டேன்."

"அப்போ பழுது உங்க தரைக்கா?"

"என் தரைக்கு ஒரு பழுதும் இல்ல. அதுல காரை நிறுத்திப் பாருங்க!"

அதற்குள் வண்டி வந்துவிட்டது. "எலே மக்கா, கொஞ்சம் நில்லு," என்று வந்தவனிடம் சொன்னேன். மட்டம் பார்க்க நான் வைத்திருக்கும், தண்ணீர் நிறைத்த டியூபின் ஒரு முனையை நடு மானிட்டரின் மேல்விளிம்பில் டீச்சரைப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு வாசலோர மானிட்டரின் மேல்விளிம்பு வரும்வரை அதன் மேசையைத் தூக்கி, கால்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டுகளை வைத்தேன்.

டீச்சர் விமானத்தைக் கிளப்பினார். மூன்று திரையிலும் கடல் ஒரே கோடாக ஓடியது.

"அப்போ இது எடுக்கண்டாமா?" என்று வந்தவன் கேட்டான்.

"வேண்டாம்," என்றார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சுவருக்கு ஓடினேன். கலவை இறுகத் தொடங்கியிருந்தது.