கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கண்ணாடி பொருத்தும் தொழிலுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ஒன்றுகூட கைதவறி உடைந்ததில்லை என்பது அண்ணனின் பெருமை. தம்பியின் தோள் முதல்முறை நழுவிய அன்றும் கண்ணாடி உடையவில்லை. ஜன்னலில் பொருத்தும்போது சாய்ந்த கண்ணாடியைத் தம்பி ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்தான். விட்டிருந்தால் கண்ணாடி போயிருக்கும். விடாததால் தோள் மூட்டு போனது. அவன் அலறினான். அண்ணன் முதலில் கண்ணாடியைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்தார். பிறகுதான் தம்பியிடம் திரும்பினார். எப்போதோ யாரோ செய்து பார்த்த ஞாபகத்தில் கையைப் பிடித்து இழுத்து, தோளைத் தானே உள்ளே தள்ளினார். கழுத்தில் மூன்று வாரம் கட்டித் தொங்கவிட வேண்டிய கையை, வேலை நிற்கிறதென்று பத்தாம் நாளே அவிழ்க்கச் சொன்னவரும் அவர்தான்.

அதன்பின் தோள் யார் பேச்சையும் கேட்கவில்லை. சட்டை மாட்டும்போது ஒருமுறை இறங்கியது. தூக்கத்தில் புரண்டபோது இன்னொரு முறை.

"கண்ணாடிக்குக் கீழ போடுற மெத்தையில ஒரு துண்டை இவர் தோளுக்கும் வெச்சிருக்கலாம் மாமா" என்றாள் தம்பி மனைவி. மறுநாள் அண்ணனே தம்பியைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனார்.

பிசியோதெரபி அம்மா தம்பியைப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் உயர்த்தி மெதுவாகப் பின்னால் திருப்பினார். அவர் பார்த்தது தோளை அல்ல, முகத்தை.

"பயமா இருக்கான்னு கேட்டா இல்லம்பாங்க. முகத்துக்குப் பொய் சொல்ல வராது" என்றார் அண்ணனிடம். "உள்ள கிழிஞ்சது கிழிஞ்சதுதான். சுத்தி இருக்கிற தசையைப் பலப்படுத்தினா அது மூட்டைப் பிடிச்சுக்கும். முழங்கை விலாவை விட்டு விலகாம பயிற்சி பண்ணணும். தலைக்கு மேல பாரம் தூக்குறதை நான் சொல்றவரைக்கும் மறந்துடுங்க."

நாலு மாதம், கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டித் தம்பி இழுத்தான்.

"தோளைவிடக் கதவுதான் நல்லா தேறியிருக்கு அண்ணே" என்று சிரித்தான். பிறகு ஒருநாள், அந்த அம்மாவைக் கேட்காமலே, "ஒரே ஒரு கண்ணாடி. நீயும் நானும்" என்றான். அண்ணனுக்கும் அந்த ஆசை இருந்தது. அதுதான் வினை.

தரைத்தளக் கடை ஜன்னல். அண்ணன் உள்ளே, தம்பி வெளியே, நடுவில் கண்ணாடி.

"ஒண்ணு" என்றான் தம்பி.

"ரெண்டு" என்றார் அண்ணன்.

மூன்றைச் சொல்லும் வழக்கமில்லை; தூக்கிவிடுவார்கள். தூக்கினார்கள். தம்பியின் கை தலைக்கு மேல் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கண்கள் விரிந்து, பிசியோதெரபிக் கட்டிலில் பார்த்த அதே பயந்த முகம் வந்து நின்றது.

"விடுடா!"

"புடிச்சிட்டேன் அண்ணே, நீ சும்மா இரு!"

அவன் விடமாட்டான். விடக்கூடாதென்று பழக்கியவர் அவர்தான். அண்ணன் கண்ணாடியைத் தன் பக்கம் சாய்த்துவிட்டுத் துள்ளி விலகினார். அது உள்ளே விழுந்து தூள்தூளாகியது.

இப்போது இருவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"தோள் இறங்கலையே அண்ணே" என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது. "நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்கு உடைச்ச?"

"இறங்கலைடா. அதுக்குத்தான்."

மறுநாளிலிருந்து தம்பி கண்ணாடி வெட்டும் மேசைக்குப் போனான். முழங்கை விலாவை ஒட்டியபடியே செய்யக்கூடிய வேலை. அவனாகக் கேட்கவில்லை, அண்ணன் சொன்னார், போனான். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

மூன்றாம் நாள் புது ஆள் ஒருவன் வந்தான். வண்டியில் ஏற்றக் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்து நின்றான். அண்ணனும் குனிந்து பிடித்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"தூக்கலாங்களா?" என்று கேட்டான் புது ஆள்.

பின்னால், மேசையில் கண்ணாடி வெட்டும் கீச்சொலி நின்றது.

"ஒண்ணு" என்றான் தம்பி, தலை நிமிராமல்.

அண்ணனுக்கு ரெண்டு சொல்ல வரவில்லை.