மஞ்சள் பென்சில் கோடுகள்

எல்லிஸ் ட்ராமெல் எங்கள் ஊர் நூலகத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அவரை அறிமுகப்படுத்திப் பேசும் வாய்ப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். யாரும் என்னை மேடைக்குத் தள்ளவில்லை.

ட்ராமெல் பழைய நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வார். அதன் வாக்கியங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்து, நடுநடுவே செத்தவர்களை எழுப்பி நடமாடவிடுவார். அவருடைய ஐந்து புத்தகங்களும் என்னிடம் உண்டு. அவற்றில் எனக்கு உயிர், ‘பாதிரியார் வீடும் பிணங்களும்’. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரிசில்லா வேன் என்ற அம்மாள் எழுதிய ‘பாதிரியார் வீடு’ என்ற நாவலின் மேல் கட்டியது அது. அப்பா இறந்த குளிர்காலத்தில் அதை நான்கு முறை படித்தேன். அதில் ஒரு வரி: ‘போனவர்களுக்கு வீட்டுக்கு வரும் வழி தெரியும், கதவைத் திறக்கத்தான் நமக்குத் தைரியம் இல்லை.’ பகலில் நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த வரியை எழுதி என் மேசை விளக்கில் ஒட்டியிருக்கிறேன். அப்பாவின் அறைக் கதவு அப்போதும் சாத்தியே கிடந்தது.

எதையும் முறையாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் புத்தகம் முழுவதும் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். ட்ராமெல் எழுதிய வாக்கியங்களுக்கு மஞ்சள், அந்த அம்மாளுடையவற்றுக்குப் பச்சை. பழைய நாவலை நான் படித்ததில்லை. பிறகு எப்படிப் பிரித்தேன் என்றால், நன்றாக இருந்தவற்றுக்கெல்லாம் மஞ்சள் போட்டேன். அப்போது அது தவறாகத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை எழுத்து வகுப்பில் என் பக்கத்து நாற்காலி ஐலாவுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், என் வயதுதான். பிள்ளைகள் பள்ளிக்குள் இருக்கும் நேரத்தில் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து பழைய நாவல்களைப் படித்துத் தீர்ப்பவள். நான் பேசப்போகிறேன் என்றதும் தன்னுடைய ‘பாதிரியார் வீடு’ பிரதியைக் கொண்டுவந்து என் பையில் திணித்தாள்.

“பிணம் வர்றதுக்கு முன்னாடி அந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துட்டுப் பேசுடி.”

அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். அங்கேயே இருந்தது. அடுத்த வாரம் படித்தாயா என்று கேட்டாள். இருபது பக்கம் படித்தேன், உப்புச் சப்பில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல வரியெல்லாம் ட்ராமெல் போட்டதுதான், அந்த அம்மாள் வெறும் எலும்புக்கூடு என்றும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஐலா தன் நோட்டை மூடினாள்.

“இருபது பக்கமா? சரி” என்றாள்.

நூலகத்தின் அடித்தளக் கூடத்தில் வியாழக்கிழமை மாலை ஏறக்குறைய அறுபது பேர் வந்திருந்தார்கள். பேய் வேஷம் போடும் ஹாலோவீனுக்கு மூன்று நாள்தான் இருந்தது; பாதிப் பேர் முகத்தில் சிவப்புச் சாயத்தோடு பூசணிக்காய் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். என் பேச்சு நான்கு நிமிடம். ஏழு முறை திருத்தி எழுதியது. பேச்சின் உச்சமாக அந்தக் கதவு வரியைப் படித்தேன். பிறகு சொன்னேன்: “ஊமையாகக் கிடந்த ஒரு பழைய புத்தகத்துக்கு வாய் கொடுத்தவர் இவர். பிரிசில்லா வேனுக்கு இப்படியொரு வரி கனவிலும் வந்திருக்காது.”

நல்ல கைதட்டல். ட்ராமெல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடித்தார். மூன்றாவது வரிசையில் ஐலா காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகர் வந்து என் கையைப் பிடித்து, இந்தப் பேச்சை நூலகத்தின் மாத இதழில் அப்படியே போடுகிறோம், சனிக்கிழமை மதியம் அச்சுக்குப் போகிறது என்றார். அச்சில் வரப்போகும் என் முதல் எழுத்து. அம்மாவுக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன்.

கையெழுத்து வாங்கும் வரிசையில் என் முறை வந்தது. மஞ்சளும் பச்சையுமான புத்தகத்தை நீட்டி, கதவு வரியை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடியே நின்றார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நல்லாப் பேசுனீங்க. ஆனா அந்த வரி என்னோடது இல்லை. அந்த அம்மாவோடது. ஒரு கமா கூட நான் மாத்தலை.”

கதவுக்கு வெளியே பிணங்கள் நிற்கும் பக்கத்தில் அல்லவா அது வருகிறது என்று கேட்டேன்.

“அந்த அம்மாவோட நாவல்ல, தாயார் இறந்த அன்னிக்குக் கதாநாயகி நெனச்சுக்கிற வரி அது. கதவுக்கு வெளியே நாலு பிணத்தைக் கொண்டுவந்து நிறுத்துனது மட்டும்தான் நான்.”

“மேடையிலேயே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லியிருக்கலாம்தான்.” பேனா மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். “போற ஊர்லயெல்லாம் அந்த ஒரு வரியத்தான் சொல்றாங்க. முதல் வருஷம் திருத்திப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க. யாரு எடுத்துப் பாக்கப்போறா?”

புத்தகத்தில் தன் பெயரை மட்டும் மிகச் சிறியதாக எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு ரப்பர்ப் பிணக் கையோடு முன்னால் நகர்ந்தார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஐலாவின் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் பழைய பேருந்துச் சீட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் கதவு வரி. சீட்டின் பின்பக்கம் அவள் எழுத்து: ‘பேசுறதுக்கு முன்னாடி இதைப் பார்.’

இருபது பக்கம் படித்ததாக நான் சொன்னபோதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சீட்டு மேலே நீட்டிக்கொண்டுதானே இருந்தது. புத்தகத்தைத் திறந்த எவருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்து, காலையிலிருந்து மாலை வரை வரிவரியாக ஒப்பிட்டேன். நான் மஞ்சள் போட்டவை நாற்பத்தொன்று. முப்பத்துமூன்று அந்த அம்மாளுடையவை. மீதி எட்டில் ஐந்து, பல்லால் கடிப்பதைப் பற்றியவை. தொழில் பாசம்தான் அவற்றுக்கு மஞ்சள் போட வைத்திருக்க வேண்டும். பச்சை போட்ட வரிகளைச் சரிபார்க்கத் தெம்பு இல்லை.

ட்ராமெல் சொன்னது சரிதான், யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. சனிக்கிழமை பதினொன்றரை வரை நானும் அப்படியே என்னைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அந்த இதழைப் பத்துப் பிரதி கேட்டிருந்தாள். பிறகு நூலகருக்குப் போன் செய்து, பேச்சைப் போட வேண்டாம் என்றேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுகிறோமே என்றார் அவர். வேண்டாம், அந்த இடத்தில் இரண்டு வாக்கியம் மட்டும் போடுங்கள் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்: ‘வியாழனன்று நான் ட்ராமெலுடையது என்று புகழ்ந்த வரி பிரிசில்லா வேன் எழுதியது. அவருடைய நூலைப் படிக்காமலே அவரை இழிவாகப் பேசினேன்.’ கீழே என் பெயர். அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுதான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஐலா இதழை மடித்துக் கையில் வைத்திருந்தாள். நான் அவளுடைய புத்தகத்தை மேசையில் வைத்தேன். பேருந்துச் சீட்டு அதே பக்கத்தில்.

“ரெண்டே வாக்கியம். நறுக்குனு இருக்கு” என்றாள். “அந்த இருபது பக்கம் மட்டும் விட்டுப்போச்சு போல.”

விட்டுப்போகவில்லை. இருபது பக்கம் படித்ததாகப் பொய் சொன்னதையும் நூலகரிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா படிப்பாளே என்று விழுங்கிவிட்டேன். அதை ஐலாவிடம் சொன்னேன். ஒரு பக்கம் கூடத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

“இப்பவாவது படிச்சியா, இல்ல கோடு மட்டும் சரிபாத்தியா?”

கோடு மட்டும்தான் சரிபார்த்தேன் என்றேன்.

அவள் சீட்டை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். புத்தகத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.